வாடகை வீடு: அக்ரிமென்ட் அடித்துக் கொடுப்பவள் சொல்வது

தாம்பரத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாடகை அக்ரிமென்ட் அடிப்பதுதான் கடையில் பெரும்பகுதி வேலை. ஹவுஸ் ஓனரும் குடிவருபவரும் சேர்ந்து வருவார்கள். பல நேரம் புரோக்கர் மட்டும் வருவார். "பழைய மாதிரியே அடிச்சிடுங்கக்கா, பேரு, தேதி, வாடகை மட்டும் மாத்தினா போதும்" என்பார்கள். அந்தப் பழைய மாதிரியை நிதானமாக ஒரு தடவை படித்துப் பாருங்கள். குடியிருப்பவர் என்னென்ன செய்யக் கூடாது என்று இரண்டு பக்கத்துக்கு இருக்கும். அவர் கொடுத்த அட்வான்ஸ் எப்போது திரும்பி வரும் என்பதற்கு ஒரு வரி இருக்காது.

நானும் சேலையூரில் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். அக்ரிமென்ட் அடிக்க வந்தவர்களில் சிலர் பிறகு மனு அடிக்கவும் என்னிடமே வருகிறார்கள். அட்வான்ஸ் வரவில்லை, தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், நாளைக்கே காலி பண்ணச் சொல்கிறார்கள் என்று. அப்போது நான் முதலில் கேட்பது, "கையில என்ன காகிதம் இருக்கு?" என்பதுதான். சட்டம் வாடகைக்கு இருப்பவருக்கு நிறையவே கொடுத்திருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதியை சாவி வாங்குவதற்கு முன்பே காகிதத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தமிழ்நாட்டில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1960-ல் வந்தது. அது இப்போது இல்லை. அதற்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தை நினைத்துக்கொண்டு "குடியிருக்கிறவனை யாராலும் அசைக்க முடியாது" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை நம்பி உட்காராதீர்கள். புதிய சட்டத்தில் எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அதைவிட முக்கியமானது, ஒப்பந்தம் போடாமல் இருப்பதே காலி செய்ய வைக்க ஒரு காரணம் என்று 21-வது பிரிவு சொல்கிறது. "எதுவும் எழுதலேன்னா எனக்குத்தானே நல்லது" என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினார். நிலைமை நேர் எதிர். எழுதாமல் விட்டால் ஓனர் அதையே காரணமாகக் காட்டி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் யாரிடம் கொடுக்கிறோம் என்று பாருங்கள். வீட்டைக் காட்டியவர் எல்லாம் ஓனர் இல்லை. சொத்து வரி ரசீதையும் ஈபி இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். அப்பா பெயரில் வீடு, அப்பா காலமாகிவிட்டார், மூத்த மகன் வாடகைக்கு விடுகிறார் என்றால், தம்பி தங்கைகளின் சம்மதம் எழுத்தில் இருப்பது நல்லது. ஓனர் வெளிநாட்டில் இருந்து மாமா, மச்சான் யாராவது கையெழுத்துப் போட்டால், அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்த பத்திரத்தின் நகல் வேண்டும். இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்படுகிறார்கள். உங்களிடம் ஆதார், ஆபீஸ் ஐடி, ஊர் விலாசம், கல்யாணம் ஆயிடுச்சா என்பது வரை அவர்கள் கேட்கிறார்களே, அப்போது நீங்களும் கேட்கலாம்.

போனிலேயே "நீங்க என்ன ஆளுங்க?", "அசைவம் சமைப்பீங்களா?", "தனியா இருக்கிற பொண்ணா?" என்று கேட்டு வீடு இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். இதைத் தடுக்க இந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்கள் தாம்பரத்தில் தெருத் தெருவாக அலைவதைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை இது; அடைக்கப்பட வேண்டும்.

சரி, அட்வான்ஸ். சென்னைப் பக்கம் பத்து மாத வாடகை கேட்கும் பழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. சட்டத்தின் 11-வது பிரிவு காட்டும் அளவு மூன்று மாத வாடகை. 12,000 ரூபாய் வாடகை என்றால் 36,000. ஆனால் பத்து மாதம் என்று ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு அதைப் பற்றி வாதாடுவது கஷ்டம். அதனால் பேரம் பேச வேண்டிய நேரம் அதற்கு முன்தான். "சட்டப்படி மூணு மாசம்தான் சார்" என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். பத்து ஐந்தானால்கூட லாபம்தான். பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். குறிப்பில் 'வீட்டு அட்வான்ஸ்' என்று எழுதுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள். டோக்கன் அட்வான்ஸுக்கும் இதேதான். அது மொத்த அட்வான்ஸில் கழியுமா, நீங்கள் வராவிட்டால் திரும்புமா என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

இனி அக்ரிமென்ட்டில் இருக்க வேண்டிய வரிகள். நான் அடிக்கும் வாசகங்களை அப்படியே தருகிறேன், நீங்களும் எழுதிக்கொள்ளலாம். அட்வான்ஸ் பற்றி: "குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கழிக்க வேண்டிய தொகை ஏதேனும் இருந்தால் அதற்கான பில்லைக் காட்டிக் கழிக்க வேண்டும்." ஒரு மாதம் என்பது சட்டத்திலேயே இருக்கும் காலக்கெடுதான். இருந்தாலும் எழுதுங்கள். சட்டத்தைப் படிக்காத ஓனர்கூடத் தான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் படிப்பார்.

வாடகை உயர்வு பற்றி: "ஒப்பந்தக் காலத்துக்குள் வாடகையை உயர்த்தக் கூடாது. புதுப்பிக்கும்போது உயர்வு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது." ஐந்தோ எட்டோ, எண்ணை எழுதிவிடுங்கள். வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் என்று சட்டம் சொல்வதால், எண் இல்லாத ஒப்பந்தம் உங்களைக் காப்பாற்றாது.

காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என்பது இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். 'குடியிருப்பவர் மூன்று மாதம், உரிமையாளர் ஒரு மாதம்' என்று ஒரு பழைய மாதிரி என் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. இப்போது நான் அதை எடுப்பதில்லை. பெயின்ட்டிங்குக்கு ஒரு மாத வாடகையைக் கழிப்பது என்ற வரியையும் கவனியுங்கள். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதையும் ஓனர் கணக்கில்தான் வைத்திருக்கிறது. கழிக்கும் வரி ஒப்பந்தத்தில் இருந்தால் நீக்கிவிடச் சொல்லுங்கள். முடியாது என்றால், 'இரண்டு ஆண்டுக்குள் காலி செய்தால் மட்டும்' என்றாவது சேருங்கள்.

கணவன் மனைவி இருவர் பெயரையும் ஒப்பந்தத்தில் போடுங்கள். கணவர் இறந்து காரியம்கூட முடியாத நிலையில் "அக்ரிமென்ட் அவர் பேர்லதானே, நீங்க காலி பண்ணுங்க" என்று சொல்லப்பட்ட ஒரு அம்மா என் கடையில் வந்து அழுதார். அப்படிச் சொல்ல முடியாது. வாடகைதாரர் இறந்தால், அவரோடு அந்த வீட்டில் குடியிருந்த மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர், முன்பே இறந்துவிட்ட மகனின் மனைவி ஆகியோருக்கு மீதிக் காலத்துக்கு அங்கே குடியிருக்கும் உரிமை போய்ச் சேரும் என்று சட்டம் சொல்கிறது. அந்த அம்மாவுக்கு அதை எழுதிக் கொடுத்தேன். பெயர் முதலிலேயே இருந்திருந்தால் அதற்குத் தேவையே வந்திருக்காது.

ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டு, அசலில் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். ஜெராக்ஸைக் கொடுத்து அனுப்பினால் வாங்காதீர்கள்.

அடுத்தது பதிவு. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் போடுவது ஏன் என்றால், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும் என்ற விதியிலிருந்து தப்பிக்க. அது பழைய பதிவுச் சட்டம். 2017 சட்டம் சொல்லும் பதிவு வேறு. அது வாடகை அதிகாரியிடம் செய்வது. பதினொரு மாத ஒப்பந்தத்துக்கும் உண்டு. துணை ஆட்சியர் நிலையில் உள்ள ஒருவர் வாடகை அதிகாரியாக இருப்பார். இதற்கென்றே அரசு 'டெனன்சி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்' என்ற இணையதளம் வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தின் நகல், இருவருடைய ஆதார், பான், வீட்டு விவரம், வாடகை, அட்வான்ஸ், குடிவந்த தேதி எல்லாம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும். பதிவானதும் ஒரு எண் தருவார்கள். அந்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பதிவு செய்யாத ஒப்பந்தத்தை ஆதாரமாக ஏற்கக் கூடாது என்று பின்னாளில் 4-ஏ என ஒரு பிரிவையே சட்டத்தில் சேர்த்தார்கள். அழகாக அடித்து, சாட்சி வைத்து, முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் அப்படியே பீரோவில் கிடந்தால் பிரச்சினை வரும் நாளில் கைகொடுக்காது. வருமான வரிக் கணக்கில் வாடகை தெரிந்துவிடும் என்று சில ஓனர்கள் தயங்குவார்கள். அவர்களிடம் நான் சொல்வது: குடியிருப்பவர் காலி செய்ய மறுத்தால் நீங்கள் இந்த ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டவும் இதே பதிவு வேண்டும், சார். இது பெரும்பாலும் வேலை செய்கிறது.

சாவி வாங்கிய அன்று, சாமான் இறக்குவதற்கு முன்பு, வீட்டை முழுக்க வீடியோ எடுங்கள். ஓதம் ஏறிய சுவர், உடைந்த டைல்ஸ், சொட்டும் குழாய், கதவில் இருக்கும் பழைய ஆணி ஓட்டைகள் எல்லாம் வர வேண்டும். ஃபேன் எத்தனை, லைட் எத்தனை, கீசர் வேலை செய்கிறதா என்று எழுதி, அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் தகராறில் பாதி இந்த வீடியோவிலேயே முடிந்துவிடும்.

குடியிருக்கும் காலத்தில் வரும் சண்டை பெரும்பாலும் ரிப்பேர் பற்றியது. இரண்டாம் அட்டவணை இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. கட்டடத்தின் சுவர், கூரை போன்ற பெரிய பழுது, குழாய் லைன் மாற்றுவது, வீட்டுக்குள்ளும் வெளியிலும் வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், வாஷ்பேசின், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. மழையில் மேல்தளம் ஒழுகினால் முதலில் எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் போதும், கூடவே ஒரு கடிதமும் இருந்தால் நல்லது. அவர் செய்யவில்லை என்றால் நீங்களே செய்து, வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. பில் இல்லாமல் ஒரு ரூபாயும் கழிக்காதீர்கள். குடியிருக்கவே முடியாத நிலை, எழுதிக் கேட்டும் சரிசெய்ய மறுக்கிறார் என்றால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறலாம்.

ஓனர் நினைத்த நேரத்தில் உள்ளே வரவும் முடியாது. 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லிவிட்டு, காரணத்தோடு, பகல் வேளையில்தான் வர வேண்டும். மாடியில் அவர், கீழ் போர்ஷனில் நீங்கள் என்றால் இதை வற்புறுத்துவது சங்கடம்தான். ஆனாலும் நீங்கள் இல்லாத நேரத்தில் டூப்ளிகேட் சாவியால் திறப்பது பெரிய தப்பு. முதல் தடவையே "வர்றதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போட்டுடுங்க சார்" என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கரண்ட் பில்லுக்கு எல்லோரும் என்னிடம் வழி கேட்கிறார்கள். தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதக் கணக்கில் கிடைக்கும் இலவச யூனிட் உங்களுக்கே வந்து சேரும். ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன், ஆளுக்கொரு சப்மீட்டர் என்றால் அந்த இலவசம் யாருக்குப் போகிறது என்றே தெரியாது. மொத்த யூனிட் கூடக் கூட விலையும் ஏறும். அதனால் வீடு பார்க்கும்போதே தனி இணைப்பா என்று கேளுங்கள். இல்லையென்றால், "ஈபி பில்லில் உள்ள மொத்தத் தொகையை யூனிட் கணக்கில் பங்கிட்டுச் செலுத்துவது" என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஓனர் சொல்லும் விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வாடகையை ரொக்கமாகக் கொடுத்தால் மாதாமாதம் ரசீது கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. காலி செய்ய வைக்க நினைக்கும் ஓனர் முதலில் செய்வது வாடகையை வாங்க மறுப்பது. பிறகு 'பாக்கி வைத்திருக்கிறார்' என்று சொல்வார். அப்போது சும்மா இருந்துவிடாதீர்கள். வங்கியிலோ மணியார்டரிலோ இரண்டு மாதம் தொடர்ந்து அனுப்புங்கள். அதையும் ஏற்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். உண்மையிலேயே இரண்டு மாத பாக்கி விழுந்துவிட்டாலும், ஓனரின் நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காகக் காலி செய்ய உத்தரவு போட மாட்டார்கள். இது திரும்பத் திரும்பக் கிடைக்கும் சலுகை இல்லை.

லீஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து லட்சம், எட்டு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. ஊர்ப்பக்கம் ஒத்தி, போக்கியம் என்பார்கள். நகையை விற்று லீஸுக்குப் போகிறவர்கள் என் கடைக்கு வரும்போது நான் அடிக்கும் முன் ஒரு கேள்வி கேட்பேன்: "ஈசி பார்த்தீங்களா?" ஈசி என்றால் வில்லங்கச் சான்று, அந்தச் சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டுவது. பதிவுத்துறையின் 'டிஎன்ரெஜிநெட்' தளத்தில் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால், மூலப்பத்திரத்தை வங்கியில் வைத்ததற்கான பதிவு பெரும்பாலும் அதில் தெரியும். கடன் இருக்கும் வீட்டை லீஸுக்கு எடுத்து, ஓனர் தவணை கட்டாமல் போனால், வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும். உங்கள் எட்டு லட்சத்துக்கு வங்கி பதில் சொல்லாது. இன்னொரு விதமும் நடக்கிறது. இடையில் ஒருவர் வீட்டை ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, அதையே உங்களுக்கு லீஸுக்கு விட்டுப் பெரும் பணத்தோடு மறைந்துவிடுவார். ஓனரை நேரில் பார்க்காமல், அவர் கையெழுத்து இல்லாமல் லீஸ் பணம் கொடுக்கவே கூடாது. பெரிய தொகை என்றால் போக்கியப் பத்திரமாகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். செலவு ஆகும். அப்படிப் பதிந்தால் உங்கள் பணமும் வில்லங்கத்தில் ஏறிவிடும். உங்கள் பணத்தைத் தீர்க்காமல் அவர் வீட்டை விற்பது சுலபமாக இருக்காது.

ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது வீடு கைமாறினால் பதறாதீர்கள். வாங்கியவர் உங்களோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். மீதிக் காலம் உங்களுக்கு உண்டு. பழைய ஓனரிடமிருந்து, அட்வான்ஸை யார் திருப்பித் தருவார் என்று ஒரு கடிதம் மட்டும் உடனே வாங்கிவிடுங்கள்.

காலி செய்யும்போது நோட்டீஸை எழுத்தில் கொடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் மறுபடியும் வீடியோ, ஈபி மீட்டர் படம், "சாவி பெற்றுக்கொண்டேன்" என்று ஓனரின் ஒரு வரி. ஒரு மாதம் ஆகியும் பணம் வரவில்லை என்றால் இப்படி ஒரு கடிதம் எழுதுங்கள்: "இந்தத் தேதியில் சாவியை ஒப்படைத்தேன். முன்பணம் 36,000 ரூபாயைச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள் திருப்பித் தந்திருக்க வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் தராவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்." ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். திட்டாதீர்கள், பழைய கதையை எழுதாதீர்கள்; நாளைக்கு இந்தக் கடிதத்தை ஒரு அதிகாரி படிப்பார். இந்தக் கடிதத்துக்கே பணம் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் காத்திருக்க வேண்டாம். அத்தியாவசிய வசதிகளை ஓனர் தானாகவும் நிறுத்தக் கூடாது, ஆள் வைத்தும் நிறுத்தக் கூடாது என்று 20-வது பிரிவு சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடிவதற்கு முன்பே உடனே இணைப்பைத் திருப்பிக் கொடுக்க அவர் இடைக்கால உத்தரவு போடலாம். மனுவில் நிறுத்திய தேதி, நேரம், வீட்டில் இருக்கும் குழந்தைகள், வயதானவர்கள் விவரம் எல்லாம் எழுதுங்கள். பதிவு எண்ணைப் போட மறக்காதீர்கள்.

பூட்டைப் போட்டுச் சாமானை வெளியே வைத்துவிட்டால்? காலி செய்ய வைக்கும் அதிகாரம் வாடகை நீதிமன்றத்துக்குத்தான். ஓனருக்கோ புரோக்கருக்கோ ஸ்டேஷனுக்கோ கிடையாது. ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பப் பார்ப்பார்கள். பூட்டை உடைத்தது, மிரட்டியது, சாமானை எடுத்தது எல்லாம் குற்றம் என்று எழுதிக் கொடுத்து, புகார் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அதோடு, சட்ட வழி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு, குடியிருப்பை மீட்கலாம் என்று 'குறித்த பரிகாரச் சட்டம்' (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) என்ற வேறொரு சட்டத்தின் 6-வது பிரிவு சொல்கிறது. இந்த ஆறு மாதத்தைச் சமாதானப் பேச்சில் கரைத்துவிட வேண்டாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அட்வான்ஸ் பாக்கி மாதிரிப் பணத் தகராறுகளை வழக்காக மாறும் முன்பே அங்கே பேசி முடித்து வைப்பதும் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து எங்கே போக வேண்டும் என்று கேட்கலாம். போகும்போது ஒப்பந்தத்தின் அசல், பதிவு எண், வங்கிக் கணக்கில் வாடகை போன பக்கங்கள், அனுப்பிய கடிதம், தபால் ஒப்புகை, இரண்டு வீடியோவும் உள்ள போன் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அசலைக் காட்டுங்கள், நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.